பனிக்கட்டி மீன்பிடிப்பில் சோனார்

பனிக்கட்டி மீன்பிடிப்பில் சோனார் என்பது, உறைந்த ஏரியின் மேற்பரப்பில் துளையிட்டு மீன் பிடிப்போர், அடித்தளம், மீன், தூண்டில் இரை ஆகிய மூன்றும் இருக்கும் ஆழத்தை ஒலியலைகளின் எதிரொலியைக் கொண்டு அறியும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா, விசுகான்சின் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

தேவை

படகில் செல்பவர் இரையை இழுத்தவாறு பரந்த நீர்ப்பரப்பில் மீனைத் தேடலாம். பனிக்கட்டியின் மீது அமர்ந்திருப்பவருக்கோ, ஏறத்தாழ 15 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள துளைக்கு நேர் கீழேயுள்ள நீர் மட்டுமே கிட்டுகிறது. அங்கு அவர் மாற்றக்கூடியது பெரும்பாலும் இரையின் ஆழம் ஒன்றே. மேலும், குளிர்ந்த நீரில் மீனின் வளர்சிதை மாற்றம் குறைவதால், அது தொலைவிலுள்ள இரையைத் துரத்திச் செல்வதும் குறைகிறது.

மீன்கள் தங்கும் ஆழம் இனத்திற்கு இனம் வேறுபடும். வால்ஐ மீன் பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டியும், கிராப்பி மீன் இடைநீரிலும் காணப்படும். குளிர்கால இறுதியில், அடிநீரில் ஆக்சிசன் குறையும் ஏரிகளில் மீன்கள் மேலெழுவதும் உண்டு. சோனாருக்கு முன்னர், தூண்டிலில் ஈய எடையை மாட்டி அடித்தளம் வரை இறக்கி ஆழத்தை அளந்தனர். இதனால் அடித்தளம் மட்டுமே தெரிந்தது. மீன் இருக்குமிடம் தெரியவில்லை.

வரலாறு

முதலாம் உலகப் போர்க் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக, பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் குவார்ட்சு படிகத்தைக் கொண்டு நீரில் மீயொலியை எழுப்பினார். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லோரன்சு நிறுவனம், பொழுதுபோக்காக மீன் பிடிப்போருக்கான சிறிய சோனார் கருவியை உருவாக்கியது.

செயற்படும் முறை

கருவியின் ஆற்றல்மாற்றி, மின் துடிப்பை ஒலித் துடிப்பாக மாற்றி நீருக்குள் அனுப்புகிறது. திரும்பும் எதிரொலியை மீண்டும் மின் குறிகையாக மாற்றுகிறது. உறைநிலையை ஒட்டிய நன்னீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆகும். எனவே 10 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப ஏறத்தாழ 0.014 நொடி ஆகும். பல மீன்களின் உடலில் உள்ள காற்றுப்பை ஒலியை வலுவாக எதிரொலிக்கிறது.

பனிக்கட்டியின் மீது பெரிதும் பயன்படுவது 'ஃபிளாஷர்' எனப்படும் வட்ட முகப்புக் கருவியாகும். இதில் ஆழத்திற்கேற்ற இடத்தில் ஒளிக்கோடு தோன்றும். மூன்று நிறக் கருவிகள் சிலவற்றில் பச்சை நலிந்த எதிரொலியையும், சிவப்பு வலுவான எதிரொலியையும் குறிக்கும்.

இரையின் ஆழத்தை அமைத்தல்

1. ஆற்றல்மாற்றியைத் துளையினுள் பனிக்கட்டியின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே, நேர் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும்.
2. அடித்தளத்தைக் காட்டும் அகன்ற கோட்டை முதலில் இனங்காண வேண்டும்.
3. இரையை இறக்கி, அதன் கோடு மெல்லியதாகத் தெரியும் அளவுக்கு உணர்திறனைச் சரிசெய்ய வேண்டும். இரையை அசைத்தால் அக்கோடும் அசையும். அதனால் இரையை மீனிலிருந்து பிரித்தறியலாம்.
4. மீனின் கோடு தோன்றியதும், இரையை அதற்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். பல மீன்கள், மேலிருந்து வரும் ஒளியின் பின்னணியில் தெரியும் இரையை எளிதில் காண்கின்றன. மீனுக்குக் கீழே இறங்கிய இரை கவனிக்கப்படாமல் போகலாம்.
5. மீன் மேலெழுந்தால் இரையையும் மெதுவாக உயர்த்தலாம். மீன் விலகினால் அசைவைக் குறைக்கலாம்.

இங்கு ஆழத்தை மீட்டரில் அறிவதை விட, இரு கோடுகளுக்கும் இடையேயுள்ள தொலைவே முதன்மையானது.

பிழைகள்

ஒலி கூம்பு வடிவில் பரவுகிறது. 20 பாகைக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 3.5 மீட்டர் விட்டமுள்ள பரப்பையும், 9 பாகைக் கூம்பு ஏறத்தாழ 1.6 மீட்டர் விட்டமுள்ள பரப்பையும் காணும். கருவி அளப்பது சாய்தொலைவு என்பதால், 20 பாகைக் கூம்பின் ஓரத்திலுள்ள மீன் அவ்வாழத்தில் ஏறத்தாழ 15 செ.மீ. கூடுதல் ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். அடித்தளத்தை ஒட்டிய மீன் அடித்தளக் கோட்டினுள் மறைந்துவிடவும் கூடும். சரிவான அடித்தளத்தில் இம்மறைவு மிகும். அருகிலுள்ள மற்றொரு கருவியின் ஒலியும் குறுக்கிடலாம்.

மீன்களின் மீதான விளைவு

ஆழத்திலுள்ள மீனையும் எளிதில் பிடிக்க முடிவதால் ஒரு சிக்கல் எழுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். அங்கிருந்து விரைந்து மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை விரிவடைகிறது. திரௌட் வகை மீன்கள் உணவுக்குழலுடன் இணைந்த நாளத்தின் வழியே காற்றை வெளியேற்ற வல்லவை. வால்ஐ, பெர்ச், கிராப்பி போன்றவற்றுக்கு அத்தகைய வழி இல்லை. இவற்றின் கண்கள் பிதுங்கலாம். இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளப்படலாம். மீண்டும் நீரில் விடப்பட்டாலும் இவை கீழிறங்க முடியாமல் இறக்கக்கூடும். ஆகவே, பிடித்த மீனை விட்டுவிட எண்ணுவோர் கருவி காட்டும் ஆழத்தை முதலில் நோக்கி, ஆழமான இடங்களில் தூண்டில் இடுவதைத் தவிர்ப்பது நன்று.