பெரிய மீனைப் பிடிக்கலாமா?

மாணவர்களே, ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் பொது மண்டபத்தில் கூட்டம் நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆற்றில் மீன் குறைந்துவிட்டது. ‘சிறிய மீன்களை விட்டுவிடுவோம், பெரியவற்றை மட்டும் பிடிப்போம்’ என்று ஒருவர் புதிய விதியை முன்வைக்கிறார். பலர் தலையாட்டுகிறார்கள். நீங்களும் கை உயர்த்துவீர்களா?

அவசரம் வேண்டாம். முதலில் ஒரு கணக்கு. ஒரே இனத்தில் இரண்டு பெண் மீன்கள். ஒன்று 30 செ.மீ., மற்றொன்று 60 செ.மீ. நீளம் இரு மடங்குதான். ஆனால் நீளம், உயரம், தடிப்பு மூன்றும் இரட்டிப்பதால் எடை ஏறக்குறைய 2 × 2 × 2 = 8 மடங்காகிறது. முட்டைகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும் எடையோடு சேர்ந்தே கூடும். அந்த ஒரு பெரிய மீன் குழம்புக்குப் போனால், முட்டைக் கணக்கில் எட்டு சிறிய தாய்மீன்கள் போனதற்குச் சமம்!

குஞ்சுகள் ஒரு முறையாவது முட்டையிடும் வரை வளர வேண்டும் என்பதும் உண்மைதான். அதனால் சில நாடுகளில் இரண்டு எல்லைகள் வைக்கிறார்கள். நடுத்தர மீனை எடுத்துக்கொள்ளலாம்; மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் நீரில் விட்டுவிட வேண்டும்.

இதைக் கூட்டத்தில் சொன்னால், வலை போடும் பெரியவர் ஒருவர் உடனே கேட்பார்: “தூண்டிலில் சிக்கியதை விடலாம் தம்பி. வலையில் நசுங்கியது பிழைக்குமா?” சரியான கேள்வி. என் பாடப்புத்தகத்தில் இது இல்லை. ஆனால் விடை அவருடைய வலையிலேயே இருக்கிறது. செவுள் வலையில் சிறிய மீன் கண் வழியே நழுவிவிடும். மிகப் பெரிய மீனின் தலை கண்ணுக்குள் நுழையாது. நடுத்தர மீன்தான் செவுளில் மாட்டிக்கொள்ளும். ஆகவே, வலைக்காரர்களுக்கு மீனின் நீளத்தை விட வலைக்கண்ணின் அளவைப் பற்றிய விதியே பொருந்தும்.

சரி, யார் முடிவு செய்வது? நம் கூட்டரசு அரசியலமைப்பு ஆற்று மீன்பிடிப்பை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருக்கிறது (ஆமைகளோடு ஒரே வரியில்!). சபாவில் பல கிராமங்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, தாங்களே கூடிப் பேசி முடிவெடுக்கின்றன. ‘தாகால்’ என்பது அந்த முறையின் பெயர். கடசான் டூசுன் மொழியில் ‘தடை’ என்று பொருள். சிவப்புப் பகுதியில் மீன்பிடிக்கவே கூடாது. மஞ்சள் பகுதி ஊரார் குறிக்கும் நாளில் மட்டும் திறக்கும். பச்சைப் பகுதியில் வீட்டுத் தேவைக்குப் பிடிக்கலாம். மீறுவோருக்கு ‘சோகிட்’ எனும் வழக்காற்று அபராதம் உண்டு. 2003ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது.

ரானாவ் வட்டாரத்தில் உள்ள கம்போங் லுவாந்தி அப்படிப்பட்ட ஓர் ஊர். அங்கே மொரோலி ஆற்றில் காலை நனைத்தால், கெலாவின் உறவுக்கார மீனான பெலியான் கூட்டமாக வந்து உங்கள் பாதத்தைக் கொறிக்கும். கூச்சம் தாங்காமல் கத்துவீர்கள், அவை ஓடாது.