கிட்டப்பாவின் இசைத்தட்டுகள்

வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசியைத் தாண்டினால் செங்கோட்டை. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1906-ல் பிறந்த ஊர். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1933 டிசம்பரில் அவர் இறந்தபோது வயது 27. தமிழில் பேசும் படம் வந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மேடையில் அவரைப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது தட்டுகளில் உள்ள குரல்.

நிமிடத்துக்கு 78 சுற்று. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். ‘ஒன்ஸ்மோர்’ கேட்கக் கேட்க ராத்திரி முழுக்க விரித்துப் பாடிய நாடகக்காரருக்கு இது எந்த மூலைக்கு? ஆனாலும் தியாகராஜரின் ‘எவரனி’யைக் கேளுங்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பழகிய தொண்டை அது. மேல் ஸ்தாயியில் கொஞ்சமும் பிசிறு இல்லை. சங்கீத வித்வான்கள் நாடகம் பார்க்கப் போனதில் வியப்பில்லை.

தட்டு அரக்கும் கல்தூளும் கலந்தது. கீழே விழுந்தால் அப்பளம்தான். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிக்கனம் பார்த்த வீடுகளில் மாற்றவில்லை. விளக்கொளியில் சாய்வாகப் பாருங்கள்: கறுப்பு வரித்தடங்கள் சில இடங்களில் சாம்பல் பூத்திருக்கும். மழுங்கிய ஊசி உழுத இடம் அது. அதிகம் கேட்கப்பட்ட பாட்டுத்தான் அதிகம் தேயும். எனவே புகழ்பெற்ற பாட்டுக்கே நல்ல பிரதி கிடைப்பது அரிது.

தேய்ந்த தட்டின் இரைச்சலைக் கணினியில் முழுக்கத் துடைத்தால் குரலின் கூர்மையும் கூடவே போய்விடும். அதனால் இங்கே காதில் மாட்டிக் கேட்கும் கருவியில் வரும் பிரதியில் கரகரப்பை விட்டுவைத்திருக்கிறோம்.