கண்ணைக் கசக்காதீர்கள்

இரவில் டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஏறி வந்து ஆர்ச்சர்ட் சாலையைப் பார்த்தால், கெரட்டோகோனஸ் என்ற கண்நோய் உள்ளவருக்கு ஒவ்வொரு விளக்கும் வால் முளைத்துத் தெரியும். ஒரு எழுத்துக்குப் பின்னால் அதன் நிழல் இன்னொன்று நிற்கும். பவர் கூடிவிட்டது என்று கண்ணாடி மாற்றுவார். சில மாதங்களில் மறுபடியும் மாற்றுவார். பதின்வயதிலோ இருபதுகளிலோ சிலிண்டர் பவர் இப்படி ஏறிக்கொண்டே போனால் கார்னியாவைப் படமெடுத்துப் பார்ப்பதுதான் சரி. அதைப் பார்க்காமல் லேசிக் செய்துகொண்டால் நிலைமை மோசமாகலாம்.

கண்ணின் முன்புறம் இருக்கும் தெளிந்த படலம் கார்னியா. நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதைத் தாங்கும் கொலாஜன் இழைகள் பலமிழந்தால் படலம் மெலிந்து, கூம்பாக முன்னே பிதுங்கும். அதுதான் கெரட்டோகோனஸ். 1854-லேயே ஜான் நாட்டிங்ஹம் என்ற ஆங்கில மருத்துவர் இதை விரிவாக எழுதிவிட்டார். பொதுவாக நாற்பது வயதையொட்டி நோயின் வேகம் அடங்கும். அதற்குள் எவ்வளவு பார்வை போகிறது என்பதுதான் கவலை.

பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வில், வெள்ளையரைவிடத் தெற்காசிய வம்சாவளியினரிடம் இது நான்கு மடங்குக்கு மேல் காணப்பட்டது. அடுத்த காரணம் நம் கையிலேயே இருக்கிறது: ஒவ்வாமையால் கண் அரிக்க, விரல் முட்டியால் அழுத்திக் கசக்குவது. இதே டோபி காட்டில் ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடையோரம் துணி துவைத்தார்கள். ஒரே இடத்தில் அடித்தால் வேட்டி இற்றுப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். கார்னியாவும் அப்படித்தான்.

இயற்கை வைத்தியம் கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுதான்: கசக்காதீர்கள். அரித்தால் குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள், பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் விடுங்கள், ஒவ்வாமைக்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுங்கள். தூசிப் பூச்சி ஒவ்வாமை இருந்தால் தலையணை உறையை வெந்நீரில் துவையுங்கள். பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கூம்பு அதற்கு அடங்காது. தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு இவற்றைக் கண்ணில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மெலிந்த கார்னியாவில் கிருமி புகுந்தால் மிஞ்சியிருக்கும் பார்வையும் போகும்.

வேடிக்கை என்னவென்றால், நோயைத் தடுத்து நிறுத்தும் சிகிச்சையே ஒரு வைட்டமினை வைத்துத்தான். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போகுமே, அந்த ரிபோஃப்ளேவின்தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-இல் முடிவுகளை வெளியிட்ட இந்த முறைக்கு கிராஸ்லிங்கிங் என்று பெயர். கண்ணை மரக்கச் செய்து, கார்னியாவின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் சொட்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டு ஊற வைக்கிறார்கள். பிறகு அரை மணி நேரம் புற ஊதா ஒளி. இப்போது பத்து நிமிட முறையும் உண்டு. ஒளி பட்டதும் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகிப் படலம் விறைக்கிறது. ரத்தக் குழாயே இல்லாத கார்னியாவுக்கு மாத்திரையாக விழுங்கும் வைட்டமின் இந்த அளவில் போய்ச் சேராது. புற ஊதா ஒளிக்காக வெயிலை வெறித்துப் பார்ப்பதும் விழித்திரையைத்தான் சுடும். சிகிச்சைக்குப் பிறகு முதல் சில நாட்கள் வலிக்கும். கிராஸ்லிங்கிங் கூம்பு வளராமல் நிறுத்துமே தவிர, இழந்த பார்வையை முழுதாக மீட்டுத் தராது.

தெளிவாகப் பார்க்கக் கடின லென்ஸ் அல்லது கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊன்றி நிற்கும் ஸ்க்லீரல் லென்ஸ். மிக முற்றினால் கார்னியா மாற்று சிகிச்சை; உள்ளடுக்கை விட்டுவிட்டு மேலடுக்குகளை மட்டும் மாற்றவும் முடியும்.

டோபி காட்டிலிருந்து ஊதா நிறத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் அங்கேதான். சலுகைக் கட்டணம் வேண்டுமானால் முதலில் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். நோய் வளரும் வேகத்தை அவையே காட்டிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவரானால், சோதனைக்கு எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸின் அழுத்தம் படத்தை மாற்றிவிடும். கூடப்பிறந்தவர்களையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.