பினடுபோ எரிமலையும் வீட்டுக் கூரையும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில் பினடுபோ என்று ஒரு மலை. 1991 வரை அதன் உயரம் 1,745 மீட்டர். சுமார் 500 ஆண்டுகள் சும்மா கிடந்ததால் அதை எரிமலை என்றே பலர் நினைக்கவில்லை. ஸ்பானியர்களுக்குத் தப்பி ஆயிட்டா பழங்குடி மக்கள் ஒதுங்கி வாழ்ந்ததும் இந்த மலைக்காட்டில்தான்.

1991 ஏப்ரல் 2-ல் மலை ஆவி கக்கியது. விஞ்ஞானிகள் கருவிகள் வைத்துக் கவனித்து எச்சரித்ததால் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேறினார்கள். ஜூன் 15-ல் பெரும் வெடிப்பு. உச்சியே உள்வாங்கி, இரண்டரை கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம்!

சிவில் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் நெருப்பில் சாகவில்லை. அதே நாளில் யூன்யா புயலும் வந்தது. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் இல்லை, பொடியான பாறை. அது மழையில் நனைந்து கனத்துக் கூரைகளை இடித்து, உள்ளே இருந்தவர்களை அமுக்கிவிட்டது. "தண்ணி நிக்காம ஓட வாட்டம் விடணும்" என்பார் கொத்தனாரான எங்க அப்பா. தண்ணி ஓடும், ஈரச் சாம்பல் ஓடுமா?

முகாம்களுக்குப் போன ஆயிட்டா மக்களில் பலர் தட்டம்மையில் இறந்தார்கள். அப்புறமும் வருஷக்கணக்கில், மழை பெய்தால் சாம்பல் சேறாகி ஆறுகளில் இறங்கியது. இதற்கு 'லாஹார்' என்று பெயர். 1995-ல் பக்கோலோர் ஊரின் பழைய தேவாலயம் பாதி புதைந்தது. ஜன்னல்களை வாசலாக்கிக்கொண்டு மக்கள் அங்கேயே ஜெபிக்கிறார்கள்.

மலையின் உயரம் இப்போது 1,486 மீட்டர். பள்ளத்தில் ஏரி நிற்கிறது.