அம்பாஸடர் மேல ஆசையா? முதல்ல அடியில குனிஞ்சு பாருங்க!

அப்பா ஓட்டிய அம்பாஸடர், தாத்தா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு... பழைய கார் என்றாலே பலருக்கும் பாசம் பொங்கிவிடும். கிளாசிக் காரை மனசால் வாங்கலாம். குடும்பத்தோடு தினமும் போகிற செகண்ட் ஹேண்ட் காரை மூளையால்தான் வாங்க வேண்டும் என்பது கார் பிரியர்கள் பலரின் கருத்து.

50 ஆண்டுகளைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2021-ல் தனி `வின்டேஜ்' பதிவு வந்தது. ஆனால், அந்தக் காரில் தினமும் ஆபீஸ் போக முடியாது; கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம்.

தினசரி ஓட்டத்துக்கு வாங்கும் பழைய காரில் பெரிய எதிரி துருதான். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம்; துருப்பிடித்த பாடியைச் சரிசெய்ய செலவு எகிறும். எனவே, புது பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், காரை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். கதவுகளின் கீழ் விளிம்பையும், மேட்டை விலக்கித் தரையையும் பாருங்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அடுத்தது, ஆர்.சி. சொந்த உபயோக காருக்கு 15 ஆண்டுகள் முடிந்தால், எஃப்.சி எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கடனை அடைத்திருந்தாலும் ஆர்.சி-யில் ஹைப்போதிகேஷன் நீக்கப்படவில்லை என்றால், பெயர் மாற்றும்போது சிக்கல்தான்.

விலை பேசுவதற்கு முன், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், உங்கள் சேமிப்பையே காப்பாற்றலாம்!