பெய்ஜிங்கில் பெயர்ப் பட்டியல், எண்ணாயிரத்தில் நெல் கணக்கு

சில வருஷங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாக பெய்ஜிங் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்ஃபூசியஸ் கோயிலைப் பார்த்தேன். 1302-இல் தொடங்கியது. பக்கத்திலேயே 1306-இல் அமைந்த குவோசிஜியான் என்ற அரசுக் கல்விச்சாலை. கோயிலையும் பள்ளியையும் அடுத்தடுத்து அமைப்பது அவர்கள் மரபு. கோயில் முற்றத்தில் 198 கல்பலகைகள். அரசின் உச்சத் தேர்வில் தேறிய 51,624 பேரின் பெயரும் ஊரும் அவற்றில் இருக்கின்றன. அந்தத் தேர்வு முறை 1905-இல் ஒழிக்கப்பட்டது. பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

நம்ம பக்கம் இப்படி எதுவும் இல்லையா என்று நெய்வேலி திரும்பியதும் தேடினேன். இருக்கிறது, ரொம்ப தூரமும் இல்லை. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஒரு கல்லூரியின் பட்ஜெட்டையே சொல்கிறது.

இளநிலை மாணவர் 270 பேர்: ரிக் 75, யஜுர் 75, இலக்கணம் 40, மற்றவை 80. மேல்நிலை 70 பேர்: மீமாம்சை 35, வியாகரணம் 25, வேதாந்தம் 10. ஆசிரியர்கள் 14. தினசரி நெல், இளநிலைக்குத் தலைக்கு 6 நாழி, மேல்நிலைக்கு ஒரு குறுணி 2 நாழி. இதற்கெல்லாம் 45 வேலி நிலம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறுணிக்கு 8 நாழி, கலத்துக்கு 12 குறுணி. மாணவர்களுக்கு மட்டும் நாளுக்கு 2,320 நாழி, அதாவது 24 கலம் 2 குறுணி. வேலிக்கு 6.67 ஏக்கர் என்று வைத்தால் நிலம் சுமார் 300 ஏக்கர்.

வித்தியாசம் இங்கேதான். சீனக் கல் ஜெயித்தவர் பெயரைச் சொல்கிறது. அவர்கள் சாப்பாட்டைச் சொல்லவில்லை. நம் கல் சாப்பாட்டை நாழி சுத்தமாகச் சொல்கிறது. படித்த 340 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. காரணம் எளிது. அது தேர்வு முடிவு, இது கணக்கு ஏடு. ஒன்று அரசுக்கு அதிகாரி தேட, மற்றது தானம் தவறாமல் நடக்க.

பெருமைப்படும்போது ஒன்றை மறக்கக் கூடாது. எண்ணாயிரத்தில் படிப்பு வேதப் படிப்பு. வாசல் எல்லாருக்கும் திறந்ததில்லை. சீனத் தேர்விலும் பெண்களுக்கு இடமில்லை. அந்த 45 வேலியை உழுதவர் பெயர் இரண்டு வகைக் கல்லிலும் வராது.

இதை எழுதும்போது உறுத்துகிறது. நான் படித்த டவுன்ஷிப் பள்ளியும், சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தவர்களின் மண்ணில் வந்ததுதான். அவர்களில் நாலு பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்து விசாரிக்க வேண்டியது அதைத்தான்.