வேலை போய்விடுமோ என்ற நோய்

சில மாதங்களுக்கு முன், தூத்துக்குடி புதிய துறைமுகச் சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் நடந்த மருத்துவ முகாமில் பெயர்ப் பதிவுக்கு உதவியாக இருந்தேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு ரத்த அழுத்தம் 170/110 எனக் காட்டியது. செவிலியர் அதைக் குறிப்பதற்குள் அவர் பதறிவிட்டார். "சிஸ்டர், அதைச் சீட்டுல எழுதாதீங்க. காண்டிராக்டர் கண்ணுல பட்டா அடுத்த மாசம் லிஸ்ட்ல என் பேரு இருக்காது."

அவர் பணிபுரியும் இடத்தில் ஓராண்டுக்குள் இருமுறை ஆள்குறைப்பு நடந்திருந்தது. இருமுறையும் அவர் தப்பினார். அக்கம்பக்கத்தார் அவரை அதிர்ஷ்டசாலி என்றனர். உறக்கம் கெட்டு ஆறு மாதமாயிற்று என்பதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஆள்குறைப்பு என்றதும் வெளியேற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையே செய்தியாகிறது. வேலையில் எஞ்சியிருப்போர் கணக்கில் வருவதில்லை. ஆனால், மருத்துவ ஆய்வுகள் அவர்களையும் பாதிக்கப்பட்டோராகவே காட்டுகின்றன.

ஆபத்தை உணரும்போது உடல் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகளை வெளிவிடுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்கின்றன. ஆபத்து நீங்கியதும் உடல் இயல்புக்குத் திரும்பும். வேலை போய்விடுமோ என்ற அச்சமோ மாதக்கணக்கில் நீங்குவதில்லை. விழிப்பு நிலையிலேயே இருக்கும் உடலில் உறக்கம் குலைகிறது. ரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. புகையும் மதுவும் கூடினால் கேடு இரட்டிப்பாகிறது.

1990-களின் தொடக்கத்தில் பின்லாந்து கடும் பொருளாதாரச் சரிவைச் சந்தித்தபோது, அங்குள்ள 10 நகராட்சிகள் பணியாளர்களைக் குறைத்தன. வேலையில் நீடித்த 22,430 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. 18 சதவீதத்துக்கும் மேல் ஆள்குறைப்பு நடந்த இடங்களில் எஞ்சியவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு, ஆள்குறைப்பு நடக்காத இடங்களைவிட இரு மடங்காக இருந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. நிரந்தரப் பணியாளர்களின் மருத்துவ விடுப்பு கூடியது. தற்காலிகப் பணியாளர்களுடையது கூடவில்லை. அவர்களுக்கு நோயே வரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா? விடுப்புக் கேட்டால் வேலை போகும் என்று அஞ்சியிருக்கலாம் என எண்ணவே இடமிருக்கிறது. சீட்டில் எழுதாதீர்கள் என்று எங்கள் முகாமில் கேட்டவரின் அச்சமும் இதுதான். விடுப்புப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் நிர்வாகத்தின் கண்ணில் இந்த நோயாளி படுவதே இல்லை.

தொழில்கள் மறைவது தூத்துக்குடிக்குப் புதிதல்ல. தலைமுறைகள் கண்ட முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சரக்குப் பெட்டகங்கள் வந்தபின், மூட்டை சுமந்த பலரின் வேலையைப் பளுதூக்கிகள் செய்கின்றன. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் பறிபோன பிறகு ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை மூடப்பட்டது. மக்கள் தங்கள் காற்றையும் நீரையும் காக்கக் கேட்டது நியாயமான கோரிக்கை. ஆனால், அதைத் தொடர்ந்த விவாதத்தில் வேலையும் உடல்நலமும் தராசின் இரு தட்டுகளாக வைக்கப்பட்டன. வேலையின் நிச்சயமின்மையும் உடல்நலப் பிரச்னைதான் என்பது அதில் அடிபட்டுப் போனது. ஆலை மூடப்பட்டாலும் இயந்திரம் வந்தாலும், அந்தச் சுமையைத் தொழிலாளியின் உடல் மட்டுமே தாங்க வேண்டும் என்பது ஏற்கத்தக்கதல்ல.

நம் சட்டங்கள் இதற்கு ஓரளவே ஈடுகொடுக்கின்றன. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் அடிக்கடி அறுபடுவோருக்கு இந்த எண்ணிக்கையே தடையாகலாம். வேலையிழந்தோருக்காக 2018-இல் தொடங்கப்பட்ட அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தின் நிவாரணம் 2020-இல் சராசரி ஊதியத்தில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதுவும் 90 நாள்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே. பாதுகாப்பு யாவும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை ஆடும்போது பாதுகாப்பும் ஆடுகிறது.

தொழில் போட்டியில் ஆள்குறைப்பை முற்றிலும் தவிர்க்க இயலாது என்று நிர்வாகங்கள் கூறக்கூடும். அப்படியே இருந்தாலும், செய்யும் விதத்தில் தீங்கைக் குறைக்கலாம். எத்தனை பேர், எந்த அளவுகோலின்படி, எப்போது என்பதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்தால் வதந்தியால் விளையும் அச்சம் தணியும். பரிசோதனை முடிவுகள் ஒப்பந்ததாரர் கைக்குப் போகாது என்ற உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில மாதங்களுக்குக் குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பு தொடர வேண்டும். மனச்சுமை தாளாதவர்கள் 14416 என்ற 'டெலி-மானஸ்' எண்ணில் இலவசமாகப் பேசலாம் என்ற அறிவிப்பு ஒவ்வொரு பணியிடத்திலும் இருக்க வேண்டும்.

1908-இல் இதே ஊரின் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வுடன் வார விடுமுறையையும் கேட்டுப் பெற்றனர். உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை என்பதை அன்றே நிலைநாட்டிய ஊர் இது. நூறாண்டுகளுக்கும் மேலான பிறகு, தன் ரத்த அழுத்தத்தை மறைத்தால்தான் பிழைக்க முடியும் என்று ஒரு தொழிலாளி இங்கு அஞ்சக் கூடாது.

அன்று அவர் சீட்டை வாங்காமலேயே போய்விட்டார். மாத்திரை வாங்கினாரா என்பது எனக்குத் தெரியாது.